வாழைப்பழம் வீடியோவ பாத்துட்டு அம்மா எழுதுறது

கண்ணு,

நேத்து ராத்திரி நம்ம ஃபேமிலி குரூப்ல நீ போட்ட வீடியோவ பாத்தேன். உன்கூட வேல பாக்குற அந்தப் பீகார் பையன நடுவுல நிக்க வச்சு வாழைப்பழம் சொல்லு, வாழைப்பழம் சொல்லுன்னு நாலு பேரு சுத்தி நின்னு கேக்கறீங்க, அவன் வாளபலம் வாலபளம்னு திணறுறான், நீங்க சிரிக்கிறீங்க, அவனும் சிரிக்கிறான். அவன் சிரிப்பத்தான் நான் மூணு தடவ ஓட்டி ஓட்டிப் பாத்தேன். பயந்தவன் சிரிக்கிற சிரிப்புடா அது. அதுக்குக் கீழ, கரப்பான்பூச்சி தமிழ் கத்துக்குதுன்னு எழுதியிருக்க. பெரியப்பா, சித்தி எல்லாரும் சிரிக்கிற பொம்மை போட்டிருக்காங்க. நான் ஒண்ணும் போடல. போன்ல கேட்டா சும்மா ஜாலிக்கும்மான்னு சொல்லிட்டு வச்சிடுவ, அதான் உக்காந்து டைப் பண்றேன், லஞ்ச் டைம்லயாவது முழுசா படி.

உனக்கு ஸ்கூல் டவுசர் தச்சுக் குடுத்த அக்காவ ஞாபகம் இருக்கா, குறிஞ்சிப்பாடி பக்கம் அம்பலவாணன்பேட்டை இலங்கை அகதி முகாம்ல இருந்து பஸ் ஏறி வருவாங்களே, நம்ம திண்ணையில உக்காந்து பட்டன் தச்சுக்கிட்டே பேசுவாங்க, நீ கூட அவங்க பேசுறத கேட்டுட்டு ஆமாங்கறதுக்கு ஓம் ஓம்னு சொல்லிக்கிட்டுத் திரிவ. அவங்க 1983 ஜூலையில கொழும்புல, வெள்ளவத்தையில இருந்தவங்க. அவங்க தம்பி ஒரு கடையில கணக்கு எழுதிட்டிருந்தாராம், வேல முடிஞ்சு பஸ்ல வந்திருக்காரு. நடுவழியில பஸ்ஸ நிறுத்தி ஒரு கும்பல் ஏறி ஒவ்வொருத்தர்கிட்டயா ஒரு வார்த்த சொல்லச் சொல்லிருக்கு. சிங்களத்துல வாளிக்கு பால்திய (baldiya)-ன்னு பேரு. அந்த மொத எழுத்து யார் வாயில சரியா வரலையோ அவன் தமிழன், எறக்கு கீழ. அதே பஸ்ல வந்த ஒருத்தர் பொறவு வந்து சொல்லித்தான் வீட்டுக்கே விஷயம் தெரியும். "ஒரு சொல்லு பிழைச்சதுக்கு என்ர தம்பியக் கொன்றுட்டாங்கள்" அப்படின்னு சொல்லிட்டு அவங்க ஊசியில நூலக் கோத்தாங்க, கை நடுங்குச்சு, நாலு தடவையும் கோக்க முடியல, நான்தான் வாங்கிக் கோத்துக் குடுத்தேன். நேத்து உன் வீடியோவுல வாழைப்பழம்னு கேட்டதும் எனக்கு அந்த ஊசிதான் கண்ணுக்கு வந்துச்சு.

நான் எத்தன வருஷம் பத்தாங்கிளாசுக்கு ஹிஸ்டரி எடுத்தவ, ஹிட்லர் பாடம் வந்தா 60 லட்சம் யூதர்கள்னு போர்டுல எழுதுவேன், பசங்க நோட்டுல எழுதிப்பாங்க, பரீட்சையில மார்க் வரும். அவ்ளோதான். அக்கா அந்த வாளியப் பத்தி சொன்ன பொறவுதான் நானே தேடித் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன்.

கரப்பான்பூச்சின்னு எழுதினியே, அது உன் வார்த்த இல்ல கண்ணு. ருவாண்டாவுல அத இன்யென்சின்னு சொல்லுவாங்க, ஹூட்டு வெறியனுங்க டூட்சி ஜனங்கள அப்படித்தான் கூப்பிட்டாங்க. ஹூட்டுவும் டூட்சியும் ஒரே பாஷ பேசுறவங்க, ஒரே சர்ச்சுக்குப் போறவங்க, பொண்ணு குடுத்து பொண்ணு எடுத்தவங்க. ஆண்டுக்கிட்டிருந்த பெல்ஜியம்காரன் 1930கள்ல ஆளாளுக்கு ஒரு கார்டு குடுத்து அதுல நீ ஹூட்டு நீ டூட்சின்னு அச்சடிச்சான். அந்தக் கார்டு அறுபது வருஷம் பையில கெடந்துச்சு. 80கள் முடியறப்ப காப்பி வெல விழுந்துது, காப்பிய நம்பித்தான் அந்த ஊரு விவசாயி இருந்தான், நெலமும் பத்தல, 1990ல உள்நாட்டுச் சண்ட வேற வந்துச்சு, எல்லாத்துக்கும் காரணம் டூட்சிங்கதான்னு பெரிய எடத்துல இருந்தே சொல்ல ஆரம்பிச்சாங்க. 1993ல ஆர்டிஎல்எம்னு ஒரு ரேடியோ வந்துது. நல்ல பாட்டு போடுவான், நடுவுல ஜோக் அடிப்பான், அந்த ஜோக்குலதான் கரப்பான்பூச்சி வரும். எல்லாரும் சிரிச்சாங்க. 1994 ஏப்ரல் 6ம் தேதி ஜனாதிபதி போன விமானத்த சுட்டு விழுத்தினாங்க, அன்னிக்கு ராத்திரியே கொல தொடங்கிடுச்சு. ரோட்ட மறிச்சு நின்னு கார்ட காட்டச் சொன்னாங்க. அதே ரேடியோவுல இன்னார் இந்த எடத்துல ஒளிஞ்சிருக்கான், இந்த நம்பர் கார்ல போறான்னு படிச்சாங்க. ஏறக்குறைய நூறு நாளு, எட்டு லட்சம் பேரு, அதுல நெறைய பேர அருவாளால. வெட்டினவன்ல எத்தனையோ பேரு பக்கத்து வீட்டுக்காரன், கூடப் பாடம் படிச்சவன். வெட்ட மாட்டேன்னு சொன்ன ஹூட்டுக்களையும் சேத்து வெட்டினாங்க. ஐநா படை அங்கதான் இருந்துச்சு, ரெண்டாயிரத்து ஐநூறு பேரு கிட்ட, அத அந்த ஏப்ரல்லயே 270ஆ கொறைக்கச் சொல்லி முடிவு பண்ணாங்க, இத நெனச்சா எனக்கு இன்னிக்கும் வயிறு எரியும்.

பொறவு ஜெயில்ல எடம் பத்தாம ஊர் ஊருக்கு புல்தரையில பஞ்சாயத்து மாதிரி கச்சாச்சான்னு கோர்ட்டு வச்சாங்க, பத்து வருஷம் நடந்துச்சு. தண்டன முடிஞ்சு வந்தவனும் புருஷன் புள்ளைய பறிகுடுத்தவளும் இப்ப ஒரே குன்றுல பக்கத்துப் பக்கத்துல பயிர் வைக்கிறாங்க. அவ தெனமும் அவன் முகத்துல முழிக்கணும்டா.

அது ஆப்பிரிக்கா, நாம அப்படி இல்லம்மான்னு சொல்லுவ. அக்கா சொன்னத கேளு. அவங்க வீட்டுப் பக்கம் வந்த கும்பல் கையில வோட்டர் லிஸ்ட் வச்சிருந்துது, பேரப் பாத்து, வீட்டு நம்பரப் பாத்து கொளுத்திக்கிட்டே போனாங்க. லிஸ்ட்டுக்குக் காலு கெடையாது, அத யாரோ ஒரு ஆபீஸ்ல மேஜையத் தெறந்து எடுத்துக் குடுத்திருக்கான், அவனும் ஒரு வீட்டுப் புள்ளதான். உன் ட்ராயர்ல அந்தப் பீகார் பசங்க எல்லாரோட ஆதார் ஜெராக்ஸும் இருக்குன்னு போன தடவ நீதான் சொன்ன, எந்த ரூம்ல எத்தன பேருன்னு கூட உனக்குத் தெரியும்.

அக்காவையும் அவங்க அம்மாவையும் ரெண்டு ராத்திரி வெறகு அடுக்குற எடத்துல மறச்சு வச்சு சோறு குடுத்தது பக்கத்து வீட்டு சிங்கள அம்மாதான், அவங்க பேர சொல்லும்போதெல்லாம் அக்கா கையெடுத்துக் கும்பிடுவாங்க. அதே அக்கா, 1990 அக்டோபர்ல யாழ்ப்பாணத்து முஸ்லிம் ஜனங்கள ரெண்டு மணி நேரத்துல வெளிய போகச் சொன்னது நம்ம பொடியள்தான், புலிகள்தான்னு ஒருநாள் தானாவே சொன்னாங்க. வடக்குல இருந்து எழுபதாயிரத்துக்கு மேல போனாங்களாம். "எங்களுக்கு நடந்தத நாங்களே செய்தம் அக்கா" அப்படின்னாங்க. அடிபட்ட ஜனம்னா தப்பே பண்ணாதுன்னு நெனச்சிட்டிருந்தேன், அது அன்னிக்குப் போச்சு.

பீகார் பசங்க வந்ததால கூலி ஏறலங்கற உன் ஆத்தாமை எனக்குப் புரியுது கண்ணு, வீட்டு லோன் இருக்கு, நீயும் பன்னெண்டு மணி நேரம் நிக்கிற. ஆனா கூலிய முடிவு பண்றது அவனா? அவன் ஊர்ல வேல இருந்தா ரெண்டு நாளு ரயில்ல வந்து பத்து பேரு படுக்கற ரூம்ல படுப்பானா? 2023 மார்ச்சுல பீகார்காரங்கள இங்க அடிச்சுக் கொல்றாங்கன்னு பொய் வீடியோ சுத்துச்சு பாரு, திருப்பூர்ல இருந்து எத்தன பேரு மூட்டைய கட்டிக்கிட்டு ஓடினாங்க, அங்கருந்து ஆபீசருங்க வந்து விசாரிச்சுட்டுப் போனாங்க. அப்ப நீதான் பொய்யும்மா பொய்யும்மான்னு எனக்குப் போன் போட்டுத் துடிச்ச. ஒரு வீடியோ என்ன செய்யும்னு உனக்குத் தெரியாதா?

2009 மே மாசம் முள்ளிவாய்க்கால் செய்தி வந்தப்ப நீ சின்னப் பையன், டிவி முன்னாடி உக்காந்து அழுத. பெரியப்பாவும் அழுதாரு, நேத்து பொம்மை போட்ட அதே பெரியப்பா. கடைசி மாசங்கள்ல 40 ஆயிரம் பேரு வரைக்கும் செத்திருக்கலாம்னு ஐநா குழுவே சொல்லுச்சு. காணாம போன புள்ளைங்க போட்டோவ நெஞ்சுல புடிச்சுக்கிட்டு கிளிநொச்சி ரோட்டோரத்துல அம்மாங்க 2017ல உக்காந்தவங்க, வருஷக்கணக்கா எழுந்திரிக்கல.

குரூப்ல இருந்து வீடியோவ எடுத்துடு, வேற எங்கெங்க அனுப்பினியோ அங்கயும் எடு. பெரியப்பாகிட்ட நான் பேசிக்கிறேன். பொங்கலுக்கு வா, ரெண்டு பேரும் முகாமுக்குப் போயிட்டு வரலாம், அக்காவுக்கு இப்ப கண்ணு சரியா தெரியல, ஆனா உன் குரல வச்சு கண்டுபுடிச்சிடுவாங்க. சுறா கருவாடு பார்சல் போட்டிருக்கேன், ரெண்டு நாள்ல வந்துடும்.

அந்தப் பையன் பேரு என்னன்னு கேட்டு எனக்கு அனுப்பு.

அம்மா
மஞ்சக்குப்பம், கடலூர்