தரங்கம்பாடிக் கரைக்கு ஒரு நன்றி மடல்

தரங்கம்பாடி மக்களுக்கு வணக்கம்.

மணப்பாறைப் பக்கமிருந்து முப்பத்தாறு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தேனே, அந்த ஏழாம் வகுப்பு டீச்சர்தான் எழுதுகிறேன். பாதிப் பேர் அன்றைக்குத்தான் கடலையே பார்த்தார்கள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராக அலையை நோக்கி ஓட்டம். "இங்க இறங்காதீங்க, இழுக்கும்" என்று குறுக்கே வந்து மறித்து, கால் நனைக்கத் தோதான இடத்தைக் காட்டிய தம்பிகளுக்கு முதல் நன்றி.

டேனிஷ் கோட்டை அருங்காட்சியகத்தில் எங்களோடு கூடவே நடந்த பணியாளர் ஐயாவுக்கு அடுத்தது. 1620இல் டென்மார்க்காரர்கள் கட்டிய கோட்டை, 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள் என்று வகுப்பில் நான் சொன்னபோது யாரும் பெரிதாகக் காதில் வாங்கவில்லை. நீங்கள் சொன்ன ஒரே செய்தி அவர்களைப் பிடித்துக்கொண்டது: தஞ்சை ரகுநாத நாயக்கர் டென்மார்க் அரசருக்குத் தங்க ஓலையில் கடிதம் அனுப்பினார், அது இன்றும் கோபன்ஹேகனில் இருக்கிறது. "தமிழ்லயா எழுதினாரு?" என்று ஒருத்தி கேட்டாள். ஆமாம் என்றீர்கள். அவள் முகத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். திமிங்கில எலும்புக்குப் பக்கத்தில் வைத்து அத்தனை கேள்விக்கும் பொறுமையாகப் பதில் சொன்னீர்களே, அதை நான் மறக்க மாட்டேன்.

அப்புறம், கோட்டைக்கு வெளியே வலை சரிசெய்துகொண்டிருந்த தாத்தா. கால் பெருவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்து, ஊசியை வலைக் கண்ணுக்குள் விட்டுச் சுற்றி, ஒரு சுண்டு. முடிச்சு விழுந்துவிடும். பிள்ளைகளுக்காக அதையே எத்தனை முறை மெதுவாகச் செய்து காட்டினீர்கள்! கட்டுமரத்தில் ஆணியே கிடையாது, மரங்களைக் கயிற்றால் பிணைப்பதுதான். கரைக்கு வந்ததும் பிரித்துக் காயப்போடுவோம், ஊறினால் கனத்துவிடும் என்று நீங்கள் சொன்ன பிறகுதான் அந்தப் பெயருக்கே அவர்களுக்கு அர்த்தம் புரிந்தது. சுனாமிக்குப் பிறகு எல்லாம் ஃபைபர் படகாகிப் போனதைச் சொல்லும்போது உங்கள் கை கொஞ்ச நேரம் நின்றது. பிள்ளைகளும் பேசாமல் இருந்தார்கள். நான் எந்தப் பாடத்திலும் அவர்களை அப்படிப் பார்த்ததில்லை.

மதிய வெயிலில் எங்கள் பிள்ளை ஒருத்தி மயங்கி உட்கார்ந்துவிட்டாள். நான் கைகால் பதறி நின்றபோது, கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த அக்கா, நீங்கள்தான் அவளைத் தூக்கிப்போய்க் கொட்டகை நிழலில் கிடத்தினீர்கள். உப்புப் போட்ட நீராகாரம் கொடுத்து, முந்தானையால் விசிறி, "ஒண்ணுமில்ல தங்கம்" என்று தலையைக் கோதிவிட்டீர்கள். காசு நீட்டியதற்குக் கோபித்துக்கொண்டீர்கள். அவள் நலமாக இருக்கிறாள் அக்கா. அவளுடைய அம்மா உங்களை ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

தாத்தா கொடுத்தனுப்பிய வலை ஊசி எங்கள் வகுப்பு அலமாரியில் இருக்கிறது. தினமும் சாப்பாட்டு மணிக்குப் பிறகு முறை வைத்து எடுத்து, நைலான் கயிற்றில் முடிச்சுப் போட்டுப் பார்க்கிறார்கள். இன்னும் இறுகவில்லை. பொங்கல் லீவில் வருகிறோம், தாத்தா. இன்னொரு தடவை காட்டிக்கொடுங்கள்.

அன்புடன்,
ஏழாம் வகுப்புப் பிள்ளைகளும் அவர்கள் டீச்சரும்