ஒன்றரை ஷிப்ட் முடிந்து வரும்போது ஓட்டு கேட்க ஆள் இல்லை

ஆசிரியருக்கு,

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் ஓவர்லாக் தைக்கிறேன். காலை 8.30-க்குப் போனால் இரவு 8.30-க்குத்தான் வெளியே வருவோம். இதற்கு 'ஒன்றரை ஷிப்ட்' என்று பெயர். நாளில் 9 மணி நேரத்துக்கு மேலோ வாரத்தில் 48 மணி நேரத்துக்கு மேலோ செய்யும் வேலைக்கு இரட்டிப்புக் கூலி என்று, 2025 வரை நடப்பில் இருந்த 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. ஒரு ஷிப்டுக்கு மேல் செய்யும் வேலைக்கு நாங்கள் வாங்குவது வெறும் அரை ஷிப்ட் கூலி. எத்தனையோ தேர்தல் வந்துபோய்விட்டது, எங்கள் தெருவுக்கு வந்த எந்த வேட்பாளரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

2023 ஏப்ரல் 21 நினைவிருக்கிறதா? வேலை நேரத்தை 12 மணியாக்க வழிசெய்யும் மசோதா, கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தும் சட்டப்பேரவையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்த பிறகு நிறுத்திவைத்தார்கள். அப்புறம் மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். அதை வரவேற்கிறேன். ஆனால் கொண்டுவரும் முன்பே எங்களைக் கேட்டிருக்கலாமே! டெல்லியிலும் இதே கதைதான். 29 தொழிலாளர் சட்டங்களை 4 தொகுப்புகளாகச் சுருக்கியபோது, அவற்றில் மூன்று 2020-இல் எதிர்க்கட்சிகள் அவையில் இல்லாத வேளையில் நிறைவேறின.

உதவித்தொகை, இலவசப் பேருந்து எல்லாம் சரி. என் மனைவிக்கும் அது பயன்படுகிறது, மறுக்கவில்லை. கூலி, வேலை நேரம், பி.எஃப். பற்றிப் பேச எங்களோடு எப்போது உட்காரப் போகிறார்கள்? ஞாயிற்றுக்கிழமை வந்தால் நாங்கள் வீட்டில்தான் இருப்போம்.

– ஒரு தையல் தொழிலாளி, திருப்பூர்