போர்ட் ராயலைப் புதைத்தது பாவமல்ல, மணல்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடலில் மூழ்கிய நகரங்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை விரும்பித்தான் படித்தேன். கரீபியன் தீவான ஜமைக்காவின் பழைய துறைமுக ஊர் போர்ட் ராயல் பற்றித் தமிழில் அதிகம் எழுதப்படுவதில்லை, அதற்கே நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அந்தப் பகுதி முடிகிற இடத்தில், கடற்கொள்ளைக்காரர்களும் குடிகாரர்களும் செய்த பாவத்துக்குக் கடல் கொடுத்த தண்டனை என்கிற பொருளில் ஒரு வரி இருக்கிறதே, அதை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. 330 வருடங்களுக்கு மேலாகச் சொல்லப்படும் கதைதான் அது. செத்தவர்களையே குற்றவாளிகளாக்கும் கதையும் அதுதான்.

நடந்தது என்ன? 1692 ஜூன் 7, அன்றைய ஆங்கிலேயர் நாட்காட்டிப்படி. முற்பகல் நேரம். அடுத்தடுத்து மூன்று நிலநடுக்க அதிர்வுகள், கடைசியாக வந்ததுதான் மிகக் கடுமையானது, சுமார் 7.5 ரிக்டர் இருந்திருக்கலாம் என்று கணிக்கிறார்கள். சில நிமிடங்களில் ஊரில் மூன்றில் இரண்டு பங்கு, 33 ஏக்கர், கடலுக்குள் போய்விட்டது. ஏறத்தாழ 6,500 பேர் வாழ்ந்த ஊரில் அன்றைக்கே 2,000 பேர் இறந்தார்கள். அதற்கப்புறம் காயத்தாலும் நோயாலும் இறந்தவர்கள் அதைவிட அதிகம், இன்னும் 3,000 பேர் என்பார்கள். துறைமுகத்துக்கு எதிர்க்கரையில் கடல் பல நூறு அடி உள்வாங்கி, பிறகு திரும்பி வந்து எல்லாவற்றையும் மூழ்கடித்தது. அடிப்பாகத்தைச் சுத்தம் செய்வதற்காகச் சாய்த்து வைத்திருந்த 'ஸ்வான்' என்கிற போர்க்கப்பலை அலை தூக்கி, வீட்டுக் கூரைகளுக்கு மேலாகவே கொண்டுபோனது. அதைப் பிடித்துக்கொண்டு பிழைத்தவர்களும் உண்டு.

இதற்குக் காரணம் அந்த ஊர் நின்ற இடம். பாலிசேடோஸ் என்பது கடலுக்குள் நீளும் ஒரு மணல் நாக்கு, அதன் நுனியில்தான் போர்ட் ராயல். 1655இல் ஸ்பானியர்களிடமிருந்து தீவைப் பிடித்த ஆங்கிலேயர்கள், கப்பல் வந்து நிற்க வசதியாக இருக்கிறது என்று அந்த மணலிலேயே லண்டனில் கட்டுவது போலச் செங்கல் வீடுகளை மாடி மாடியாக எழுப்பினார்கள். இடம் போதாமல் போனபோது கடலோரத்தில் மணலைக் கொட்டி நிரப்பி, அதன் மேலும் கட்டினார்கள். அலை நனைத்த மணலில் நின்றுகொண்டு ஒரே இடத்தில் காலால் தட்டிக்கொண்டே இருந்து பாருங்கள், கெட்டியாக இருந்த மணல் கொஞ்ச நேரத்தில் குழைந்து, தண்ணீர் மேலே வந்து, கால் உள்ளே இறங்கும். நிலநடுக்கத்தில் ஓர் ஊருக்கு அடியில் இதுவே நடக்கிறது, மண் திரவமாதல் என்கிறார்கள். தெருவில் ஓடிக்கொண்டிருந்தவர்கள் கழுத்துவரை மணலில் இறங்கினார்கள், அதிர்வு நின்றதும் மணல் மறுபடி இறுகியது, அப்படியே நசுங்கி மூச்சு முட்டிச் செத்தார்கள். இதையெல்லாம் நேரில் பார்த்தவர்கள் கடிதங்களில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

தண்டனைக் கதையை முதலில் எழுதியவர்களில் ஒருவர் அந்த ஊர்ப் பாதிரியார் இம்மானுவேல் ஹீத். ஊர் மக்கள் கடவுள் பயம் இல்லாதவர்கள் என்று தன் கடிதத்தில் அவர் நொந்துகொள்கிறார். சரி, அதே கடிதத்தில் அவர் எப்படித் தப்பினார் என்பதும் இருக்கிறது. காலை ஜெபத்தை முடித்துவிட்டு வந்தவரை, தீவின் பொறுப்பு ஆளுநராக இருந்த நண்பர் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு குவளை மது அருந்தக் கூட்டிப்போனார். அப்புறம் நண்பர் புகையிலைச் சுங்கான் பற்றவைத்தார், அது முடியும்வரை ஹீத் கிளம்ப முடியவில்லை. அவர் விருந்துக்குப் போகவேண்டியிருந்த வீடு முதல் அதிர்விலேயே குடும்பத்தோடும் விருந்தாளிகளோடும் கடலில் மூழ்கிவிட்டது. அவர் ஜெபம் நடத்திவிட்டு வந்த தேவாலயமும் கோபுரத்தோடு இடிந்து விழுந்தது. பாவத்தைத் தேடி வந்த அதிர்வு தேவாலயத்தை எதற்கு இடித்தது?

லூயி கால்டி என்ற பிரெஞ்சு வணிகரின் கல்லறை இன்றும் போர்ட் ராயலில் இருக்கிறது. ஓர் அதிர்வில் தரை அவரை விழுங்கியதாகவும், அடுத்த அதிர்வு அவரைக் கடலில் வீசியதாகவும், படகு ஒன்று வந்து ஏற்றிக்கொள்ளும்வரை நீந்தித் தப்பியதாகவும், எல்லாம் கடவுள் அருள் என்றும் அதில் பொறித்திருக்கிறார்கள். 1739இல் 80 வயதில்தான் இறந்தார். அவர் அடிமை வணிகத்திலும் ஈடுபட்டவர். ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலியில் கட்டிக் கொண்டுவரப்பட்டு அந்த ஊரில் வேலை செய்த அடிமைகளும் அன்றைக்குச் செத்தார்கள், அவர்கள் பெயரைக் கூட யாரும் எழுதி வைக்கவில்லை. கொள்ளைக்காரர்களின் தலைவரான ஹென்றி மார்கனோ இதற்கு நான்கு வருடம் முன்பே, 1688இல், அரசு மரியாதையோடு அடக்கம் செய்யப்பட்டுவிட்டார். இந்தக் கணக்கை யார் எப்படிக் கூட்டினாலும் அதில் நீதி வராது.

1980களில் டெக்சாஸிலிருந்து வந்த ஆய்வாளர்கள் அங்கே கடலுக்கடியில் அகழ்ந்தபோது இடிந்த வீட்டுச் சுவர்களுக்கு அடியில் கிடைத்தவற்றில் சிறு குழந்தைகளின் எலும்புகளும் உண்டு. 1959இல் அதே கடலடியிலிருந்து எடுக்கப்பட்ட பாக்கெட் கடிகாரத்தைப் பற்றி (முட்கள் 11:43இல் நின்றிருந்தன என்று எக்ஸ்ரேயில் தெரிந்தது) உங்கள் கட்டுரையில் ஒரு பத்தியே இருக்கிறது. குழந்தைகளைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கலாம். நான் நாகப்பட்டினத்துக்காரன். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு இதே பேச்சைப் பல மேடைகளில் பலவிதமாகக் கேட்டிருக்கிறேன். அன்று வேளாங்கண்ணிக் கடற்கரையில் அடித்துக்கொண்டு போகப்பட்டவர்களில் பலர் கிறிஸ்துமஸுக்கு மாதாவைக் கும்பிட வந்தவர்கள். காந்தியே 1934 பீகார் நிலநடுக்கத்தைத் தீண்டாமைப் பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனை என்றார், அதுவும் நம் திருநெல்வேலியில் பேசும்போது. தீண்டாமையை எதிர்ப்பதில் காந்தியோடு முழுமையாக உடன்பட்ட தாகூரே அதைப் பகிரங்கமாக மறுத்தார், அந்த மறுப்பைக் காந்தி தன் 'ஹரிஜன்' இதழிலேயே வெளியிட்டார். அந்த நேர்மையை நினைத்துத்தான் உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

தண்டனைக் கதையால் வரும் பெரிய நஷ்டம், உண்மையான பாடம் மறைந்துபோவது. தீவில் முன்பு இருந்த ஸ்பானியர்கள் தாழ்வான, மாடியில்லாத வீடுகளைத்தான் கட்டினார்கள், மரத்தூண்களைத் தரைக்கு மேலே எவ்வளவு உயரமோ அவ்வளவு ஆழம் புதைத்து நட்டார்கள், நிலநடுக்கத்துக்குப் பயந்தே அப்படிச் செய்தார்கள் என்று ஹான்ஸ் ஸ்லோன் என்ற, அயர்லாந்தில் பிறந்த மருத்துவர் அந்தக் காலத்திலேயே பதிவு செய்திருக்கிறார். ஆக, விஷயம் தெரிந்திருந்தது. கேட்கத்தான் ஆளில்லை. 1907 ஜனவரி 14 அன்று மீண்டும் நிலம் ஆடியபோது கொள்ளைக்காரர்கள் யாரும் அங்கே இல்லை, போர்ட் ராயலின் மணல் அப்போதும் குழைந்தது. சார்ல்ஸ் கோட்டைக்குப் பக்கத்தில் இருந்த பீரங்கிக் கிடங்கு ஒரு பக்கமாகச் சாய்ந்து மண்ணில் இறங்கியது. இன்றும் சாய்ந்தபடியே நிற்கிறது, சுற்றுலாப் பயணிகள் உள்ளே நிற்க முடியாமல் தள்ளாடுகிறார்கள்.

ஒரு திருத்தம் போடுங்கள் என்று மட்டும் கேட்கவில்லை. இந்தக் கட்டுரைகளைத் தொகுத்துப் புத்தகமாகக் கொண்டுவருகிற எண்ணம் இருந்தால், அந்தத் தண்டனை வரியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஸ்லோன் சொன்ன தூண் விஷயத்தைச் சேருங்கள். முடிந்தால், நம் கடலோர ஊர்களில் மணலைக் கொட்டி நிரப்பி மாடி எழுப்புகிற இடங்களில் மண் பரிசோதனை செய்கிறார்களா என்று உங்கள் நிருபர்களை அனுப்பி விசாரித்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
நாகப்பட்டினம்.