ஏழு வேலை நாள்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. உங்கள் கடைவீதியில் இரண்டு பேருக்கு ஜிஎஸ்டி பதிவு ரத்தாகிவிட்டதாக எழுதி, “ரிட்டர்ன் போடவில்லை என்பதற்காகக் கடையையே மூட வைக்கலாமா?” என்று கேட்டிருந்தாய்.

கடையை மூடு என்று யாரும் சொல்வதில்லை. ஜிஎஸ்டி நம்பர் போனால் கடை தானாகவே படுத்துவிடும். வரி பில் போட முடியாது. தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல், வெளிமாநிலத்துக்கு ஐம்பதாயிரத்துக்கு மேல் சரக்கு அனுப்ப, வண்டியோடு போகவேண்டிய இ-வே பில் என்ற இணையச் சீட்டு வேண்டும், அது கிடைக்காது. சரக்கு வாங்குகிறவர் ஜிஎஸ்டி இணையதளமான போர்ட்டலில் நம்பரைத் தட்டிப் பார்ப்பார். ‘சஸ்பெண்டட்’ (தற்காலிக நிறுத்தம்) என்று இருந்தால், தன் இன்புட் கிரெடிட், அதாவது வாங்கும்போது கொடுத்த வரியைத் தன் வரியில் கழித்துக்கொள்ளும் சலுகை, போய்விடுமோ என்று ஆர்டரையும் நிறுத்துவார், பாக்கியையும் நிறுத்துவார். அரசியலமைப்பின் 19(1)(ஜி) தரும் தொழில் உரிமைக்கு நியாயமான கட்டுப்பாடு போடலாம் என்கிறது 19(6). சின்ன வியாபாரிக்கு அந்த நியாயம் வட்டார வரி அலுவலகத்தின் ஒரு உத்தரவில்தான் தெரியும்.

ரத்து ஒரே நாளில் வருவதில்லை. மாதாமாதம் போடுகிறவர் இரண்டு மாதம் 3பி (விற்பனையையும் கட்டும் வரியையும் சுருக்கமாகக் காட்டும் ரிட்டர்ன்) போடாவிட்டால் முதலில் இ-வே பில் முடங்கும். அதுதான் எச்சரிக்கை மணி. தொடர்ந்து ஆறு மாதம் போடாவிட்டால் (காலாண்டுக்காரர் என்றால் இரண்டு காலாண்டு) ஜிஎஸ்டி சட்டம் பிரிவு 29(2)-ன் கீழ் ஆர்இஜி-17 என்ற நோட்டீஸ். அது வந்ததுமே பதிவு பெரும்பாலும் சஸ்பெண்ட் ஆகிவிடும். பதில் சொல்ல ஏழு வேலை நாள். அதற்குள் பாக்கி ரிட்டர்ன் எல்லாம் போட்டு, வரி, வட்டி, தாமதக் கட்டணம் கட்டிவிட்டால் அதிகாரி ஆர்இஜி-20 என்ற உத்தரவு கொடுத்து நடவடிக்கையைக் கைவிட வேண்டும் என்று ஜிஎஸ்டி விதி 22 சொல்கிறது. இல்லையென்றால் ஆர்இஜி-19 என்ற ரத்து உத்தரவு.

கோளாறு நடப்பது இந்த ஏழு நாளில்தான். நோட்டீஸ் போர்ட்டலில் ஏறினாலே சேர்ப்பித்ததாகக் கணக்கு. பதிவு எடுத்தபோது கொடுத்த மெயிலும் செல் நம்பரும் பழைய கணக்குப்பிள்ளையுடையதாக இருக்கும். அவர் வேலையை விட்டுப் போயிருப்பார். ரத்து உத்தரவு கைக்கு வரும்போதுதான் கடைக்காரருக்கே விஷயம் தெரியும். அந்த உத்தரவைப் பார்த்திருக்கிறாயா? முதல் வரியில் “உங்கள் பதிலைக் குறித்து” என்றும், அடுத்த வரியில் “பதில் எதுவும் வரவில்லை” என்றும் இருக்கும். கீழே அட்டவணையில் கட்டவேண்டிய தொகை சைபர். ஒருவரின் பிழைப்பை நிறுத்தும் காகிதத்தைப் படித்துப் பார்க்காமல் அனுப்புவது எனக்கு ஆறவே இல்லை.

காரணம் சொல்லாத நோட்டீஸும் வரும்: “மோசடியாகப் பதிவு பெற்றது” என்று ஒற்றை வரி, விவரம் கிடையாது. அதற்கு மௌனமாக இருக்கக் கூடாது. என்ன மோசடி என்று எழுத்தில் கேட்க வேண்டும். வாடகை ஒப்பந்தம், கரண்ட் பில், பெயர்ப்பலகை தெரிகிற போட்டோ மூன்றையும் சேர்த்தே ஏற்ற வேண்டும்.

ரத்தான பிறகும் வழி இருக்கிறது. உத்தரவு கிடைத்த 90 நாளுக்குள், ரத்தை நீக்கக் கேட்கும் ஆர்இஜி-21 விண்ணப்பம் போட வேண்டும். 2023 அக்டோபருக்கு முன் இது 30 நாள்தான். தகுந்த காரணம் காட்டினால் மேலதிகாரி இன்னும் 180 நாள் வரை நீட்டிக்கலாம். ரத்துத் தேதி வரைக்கும் உள்ள ரிட்டர்னை முதலில் போட்டாக வேண்டும், பழைய மாதத்திலிருந்து வரிசையாக, ஒவ்வொரு மாதத்துக்கும் விற்பனை பில் விவரம் தரும் ஆர்-1 முதலில், 3பி பிறகு. தாமதக் கட்டணத்துக்குப் பயந்தே பலர் தள்ளிப்போடுகிறார்கள். நாளுக்கு 50 ரூபாய் என்றாலும் உச்சவரம்பு உண்டு: முந்தைய ஆண்டு விற்பனை ஒன்றரைக் கோடிக்குள் என்றால் ஒரு 3பி-க்கு 2,000, விற்பனையே இல்லாத மாதத்துக்கு 500. கடிக்கிறது வட்டிதான், ஆண்டுக்கு 18 சதவீதம்.

“பழசை விடு, புதுசா ஒரு நம்பர் எடுத்துக்கலாம்” என்பார்கள். கேட்க வேண்டாம். பழைய லெட்ஜரில் கிடக்கும் கிரெடிட் புது நம்பருக்கு வராது. ரத்தை நீக்கக் கேட்காமல் புதிதாக விண்ணப்பித்தால் அதையே குறையாக எடுத்துக்கொள்ள 2019 சுற்றறிக்கை அதிகாரிக்குச் சொல்கிறது.

ரத்து உத்தரவை எதிர்த்து மேல்முறையீட்டுக்கு மூன்று மாதம், தாமதத்தை மன்னிக்கக் கேட்டால் இன்னும் ஒரு மாதம். எல்லாம் தாண்டினால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுதான். 2022 ஜனவரியில் சுகுணா கட்பீஸ் சென்டர் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், பதிவு ரத்தான வியாபாரிகளை ஜிஎஸ்டி வளையத்துக்கு வெளியே நிறுத்தி வைப்பதால் பயன் இல்லை என்று சொல்லி, பாக்கி முழுவதையும் கட்டச் சொல்லிப் பதிவைத் திருப்பிக் கொடுத்தது. சேர்ந்திருக்கும் கிரெடிட்டிலிருந்து கழிக்கக் கூடாது என்பதும் நிபந்தனை. பிறகு வந்த ஏராளமான மனுக்களில் இதே வழிதான். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. பில் போட விடாமல் தடுத்துவிட்டு வரியைக் கட்டு என்றால் எதைக் கொண்டு கட்டுவார்? அரசுக்கும் அதில் நஷ்டம்தானே.

அந்த இருவரிடமும் ரத்து உத்தரவின் தேதி என்ன, கடைசியாக எந்த மாதத்து 3பி போட்டார்கள், போர்ட்டலில் யாருடைய செல் நம்பர் இருக்கிறது என்று கேட்டு உடனே எழுது. 90 நாள் ஓடிக்கொண்டிருக்கிறது. அம்மாவைப் புகை, தூசி பக்கம் விடாதே.

அன்புடன்,
உன் நண்பன்