கப்பல் பட்டியலைத் தேட முதல் அந்தியேட்டிக் கல்வெட்டைத் தேடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கப்பல் பயணிகள் பட்டியல்களை வைத்து முன்னோரைத் தேடுவது பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். பயனுள்ள கட்டுரை. ஆனால் அதை நம்பி, கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற எங்கள் பிள்ளைகள் ஏதோ ஒரு இணையத்தளத்துக்குச் சந்தா கட்டி, யாழ்ப்பாணத்துப் பூட்டனார் மலாயாவுக்குப் போன கப்பலைத் தேடத் தொடங்கினால், பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்புவார்கள். அப்படித் திரும்பிய பிள்ளைகள் சிலர் என்னிடமே வந்து கேட்டிருக்கிறார்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

கட்டுரையில் சொல்லப்பட்ட பட்டியல்கள் அந்தந்த நாட்டுத் துறைமுகங்களுக்கு உரியவை. எல்லிஸ் தீவின் பதிவுகள் 1892 முதல் நியூயோர்க்கில் இறங்கியவர்களைப் பற்றியவை. லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், பிரித்தானியாவில் வந்திறங்கியவர்களின் பட்டியல் 1878 முதல் 1960 வரையும், அங்கிருந்து புறப்பட்டவர்களின் பட்டியல் 1890 முதல் 1960 வரையும் இருக்கின்றன. வீட்டில் யாராவது சட்டமோ மருத்துவமோ படிக்க அங்கே போயிருந்தால் அவை கைகொடுக்கும். வயது, தொழில், தங்கப்போகும் விலாசம் வரை கிடைக்கலாம். கொழும்பிலோ நாகபட்டினத்திலோ ஏறிப் பினாங்கில் இறங்கியவர் அந்தப் பட்டியல்களில் எப்படி வருவார்?

அவருக்கு இருப்பது பழைய சிங்கப்பூர்ப் பத்திரிகைகள். சிங்கப்பூர் தேசிய நூலகம் அவற்றை இணையத்தில் இலவசமாகவே தேடக் கொடுத்திருக்கிறது. எந்தக் கப்பலில் யார் வந்தார்கள் என்று அந்தக் காலத்தில் பத்திரிகையில் போடுவார்கள். ஆனால் பெயர் போடுவது அறை எடுத்து வந்தவர்களுக்குத்தான். அறை இல்லாமல் மேல்தளத்தில், டெக் டிக்கெட்டில் வந்தவர்கள் கடைசி வரியில் இத்தனை பேர் என்ற எண்ணிக்கையோடு சரி. பாயும் றங்குப்பெட்டியுமாகப் போன எங்கள் இளந்தாரிகள் பலர் அந்த எண்ணிக்கைக்குள்தான் இருக்கிறார்கள்.

இதில் எனக்கு மனம் ஆறாத ஒன்று உண்டு. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்த ட்ரூரோ கப்பல் தொடங்கி 1911 வரை, ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாபிரிக்காவின் நேற்றாலுக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள் ஒன்றரை இலட்சத்துக்கு மேல். அவர்களுடைய கப்பல் பட்டியல்களில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உடம்பில் உள்ள தழும்பு வரை எழுதியிருக்கிறார்கள். அந்த மக்கள் மேல் இருந்த அக்கறையால் அல்ல, ஓடிப்போனால் பிடிப்பதற்காக. அந்தக் கொடுமையான கணக்குத்தான் இன்றைக்கு அவர்களுடைய பேரப்பிள்ளைகளை ஊருக்குக் கூட்டிவருகிறது. சொந்தக் காசில் டிக்கெட் எடுத்துப் போன எங்கள் ஆட்களை யாரும் அப்படி எழுதிவைக்கவில்லை.

சரி, அப்படியென்றால் எங்கே தேடுவது? வீட்டில்தான்.

முதலில் அந்தியேட்டிக் கல்வெட்டு. ஒருவர் இறந்த 31ஆம் நாளுக்கு அவருடைய நினைவாக அச்சடித்துக் கொடுக்கும் அந்தச் சின்னப் புத்தகத்தைப் போல வம்ச வரலாறு சொல்லும் அச்சுப் பிரதி வேறு எத்தனை சமூகங்களில் இருக்கிறதோ தெரியாது. யாருடைய மகன், எங்கே படித்தார், மலாய நாட்டில் புகையிரதப் பகுதியிலா, தபால் பகுதியிலா, நில அளவையிலா வேலை பார்த்தார், எப்போது பென்சனில் வந்தார், எல்லாம் அதில் இருக்கும். முன்பக்கத்தில் வரும் திதி வெண்பாவைப் பலர் புரட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆண்டின் பெயர், மாதம், வளர்பிறையா தேய்பிறையா என்ற பக்கம், திதி என்று இறந்த நாளையே அந்த நாலு வரி சொல்லிவிடும். சித்திரபானு என்று இருந்தால் 1942-43, அல்லது அதற்கு அறுபது வருடம் முந்தியது. பழைய பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்தவர் சரியான திகதியையே எடுத்துத் தருவார். திகதி கையில் இருந்தால் பத்திரிகையில் மரண அறிவித்தலைத் தேடலாம்.

அடுத்தது காணி உறுதி, அதாவது காணிப் பத்திரம். எங்கள் அம்மம்மாவின் பெட்டியில் சீதன உறுதியோடு மடித்து வைத்திருந்த ஓர் அற்றோணித் தத்துவம் கிடைத்தது, அதாவது தனக்குப் பதிலாகக் கையெழுத்து வைக்க இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம். மலாயாவின் பேராக் மாநிலத்துத் தைப்பிங்கில் எழுதிக் கையெழுத்து வைத்தது. மடித்த இடமெல்லாம் கிழிந்து, யாரோ சோற்றுப் பசை தடவி ஒட்டியிருக்கிறார்கள். அம்மப்பாவின் முழுப்பெயர், தகப்பனார் பெயர், ஊர்க் குறிச்சி, பேராக்கில் அவர் பார்த்த உத்தியோகம், திகதி, எல்லாம் அந்த ஒரே தாளில். அது ஏன் வந்தது என்று யோசித்தால் வழி இன்னும் தெளிவாகும். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி சீதனக் காணி பெண்ணுடையது. ஆனால் அதை விற்கவோ ஈடு வைக்கவோ புருஷனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். புருஷன் பேராக்கில் இருந்தால் சம்மதமும் அங்கிருந்து கப்பலில்தான் வரவேண்டும். ஆகவே பெட்டியில் இல்லாவிட்டாலும் காணிப் பதிவகத்தில் அந்தக் கொடுக்கல் வாங்கலின் பதிவு இருக்க இடமுண்டு.

பெண்களைத் தேடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. பத்திரிகையின் கப்பல் பட்டியலில் மனைவி என்பவர் புருஷனின் பெயருக்கு முன்னால் போட்ட ஒரு 'மிஸஸ்' மட்டும்தான். சீதன உறுதியிலோ அவருடைய சொந்தப் பெயர், தாய் தகப்பன், காணியின் நாலு எல்லை எல்லாம் நிற்கும்.

பெயரைப் பற்றியும் சொல்லவேண்டும். எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயர்தான் முன்னால் வரும். வேலுப்பிள்ளை கந்தையாவைக் கந்தையாவிலும் தேடவேண்டும், வேலுப்பிள்ளையிலும் தேடவேண்டும். கந்தையாவை ஆங்கிலத்தில் 'கே' போட்டும் எழுதினார்கள், 'சி' போட்டும் எழுதினார்கள். ஒரே கப்பலில் அடுத்தடுத்து ஒரே முதலெழுத்தோடு இரண்டு பேர் வந்திருந்தால் அண்ணன் தம்பியாக இருக்கலாம், விடாதீர்கள். மிஷன் பாடசாலையில் படித்தவர்களுக்கு வேறொரு பெயரே இருந்திருக்கும். பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளைக்கு சைரஸ் கிங்ஸ்பரி என்று ஒரு பெயர் இருந்ததல்லவா.

இவ்வளவையும் அவசரமாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாண நூலகத்தோடு போனது போக, வீடுகளில் இருந்தவையும் யுத்தத்தால் ஊரே வெளியேறிய 1995 இடப்பெயர்வில் பெரும்பாலும் போய்விட்டன. அன்றைக்குப் பையில் போட்டுக்கொண்டு நடந்தது உறுதியும் அடையாள அட்டையும் நகையும்தான். கல்வெட்டையும் பழைய படங்களையும் யார் தூக்கினார்கள்? தப்பியவை இப்போது வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளின் வீட்டு அலுமாரிகளிலும், இங்கே தனியாக இருக்கிற வயதான பெண்களின் பெட்டிகளிலும் கிடக்கின்றன. வீடு விற்கும்போது அவை குப்பையோடு போவதைக் கண்ணால் கண்டிருக்கிறேன்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். மாதம் ஒருமுறை அரைப்பக்கம் ஒதுக்கி, வாசகர்களிடம் இருக்கும் பழைய கல்வெட்டுகளின் விபரத்தை வெளியிடுங்கள். ஊர்ச் சனசமூக நிலையங்கள் கைத்தொலைபேசியிலேயே படம் எடுத்துச் சேர்க்கலாம். 'நூலகம்' என்ற இணையத்தளம் நினைவு மலர்களைப் பல வருடங்களாக எண்ணிமப்படுத்தி வைத்து வருகிறது. அவர்களுக்கும் ஒரு பிரதி கொடுக்கலாம். இனி கல்வெட்டு அச்சடிக்கிறவர்களுக்கும் ஒன்று: தேவாரத்தைக் குறைக்கச் சொல்லவில்லை, ஆனால் வரலாற்றுப் பக்கத்தில் எந்த வருடம், எந்தத் துறைமுகத்தில் ஏறி, எங்கே இறங்கினார் என்று ஒரு வரி சேருங்கள். மனைவியின் பெயரையும் அவருடைய தாய் தகப்பன் பெயரையும் முழுமையாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
மானிப்பாய்.