எலக்ட்ரீஷியனுக்குப் பாலியஸ்டர் யூனிஃபார்ம் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மன்னார்குடிப் பக்கம் ஒரு நவீன அரிசி ஆலையில் மின் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். தீபாவளி நெருங்கும்போது எங்கள் பக்கத்து ஆலைகளில் யூனிஃபார்ம் எடுத்துத் தருவார்கள். மூட்டை தூக்குபவர், பாய்லர் பார்ப்பவர், எலக்ட்ரீஷியன் எல்லாருக்கும் ஒரே கட்டிலிருந்து வெட்டிய பாலியஸ்டர் கலந்த துணிதான். கசங்காது, சாயம் போகாது, விலையும் குறைவு. முதலாளிகள் நல்ல மனதோடுதான் தருகிறார்கள். ஆனால் பேனல் போர்டை, அதாவது ஸ்விட்சும் ஃப்யூஸும் உள்ள மின் பெட்டியை, திறக்கிற ஆளுக்கு அந்தத் துணி ஆபத்து.

மின் விபத்து என்றாலே ஷாக் அடிப்பதுதான் என்று பலரும் நினைக்கிறார்கள். தொடாமலே ஆளைச் சுடுவது ஆர்க் ஃபிளாஷ், அதாவது கரண்ட் காற்று வழியே பாய்ந்து அடிக்கும் பெரும் தீப்பிழம்பு. பேனலுக்குள் ஷார்ட் ஆகி ஃபிளாஷ் அடித்தால் அதன் நடுவில் வெப்பம் 19,000 டிகிரி செல்சியஸ் வரை போகலாம். சூரியனின் மேற்பரப்பே சுமார் 5,500 டிகிரிதான். பஸ்பாரில் (பேனலுக்குள் கரண்டைக் கொண்டுபோகும் தடித்த பட்டையில்) உள்ள உலோகம் ஆவியாகி வெடிக்கும். 415 வோல்ட்தானே என்று அலட்சியமாக இருக்க முடியாது. 500 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மரை ஒட்டிய மெயின் பேனலில் ஷார்ட் ஆனால் 15,000 ஆம்பியர் அளவுக்குக் கரண்ட் பாயும்.

அரிசி ஆலையில் இதற்கு வாய்ப்பு அதிகம். உமித்தூசியும் தவிட்டுத்தூசியும் பேனலுக்குள் படியும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அந்தத் தூசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். எலி போகும், பல்லி போகும், ஸ்பேனர் கை தவறும். பெரிய ஷார்ட்டையும் பத்திரமாகத் துண்டிக்கும் ஹெச்ஆர்சி ஃப்யூஸ் கைவசம் இல்லையென்று தடித்த செம்புக் கம்பியைச் சுற்றி வைத்திருந்தால் இன்னும் மோசம். ஃப்யூஸ் சட்டென்று போகாமல் ஃபிளாஷ் நீடிக்கும். நீடிக்க நீடிக்க உடம்பில் இறங்கும் வெப்பமும் ஏறும்.

முன்பு நான் இருந்த ஓர் ஆலையில் கூட வேலை பார்த்த தம்பி ஒருவருக்கு இது நடந்தது. ரப்பர் கிளவுஸ் போட்டிருந்ததால் உள்ளங்கை தப்பியது. நெஞ்சிலும் கழுத்திலும் சட்டை உருகித் தோலோடு ஒட்டிக்கொண்டது. அந்த இடங்களில்தான் புண் ஆழமாக இருந்தது. பாலியஸ்டரும் நைலானும் அப்படித்தான், உருகி ஒட்டும்.

இதற்கென்றே ஆர்க் ரேட்டிங் உள்ள, அதாவது ஃபிளாஷின் வெப்பத்தை எவ்வளவு தாங்கும் என்று சோதித்து எண் போட்ட சட்டை, பேன்ட் விற்கிறார்கள். வாங்கும்போது லேபிளில் கலோரி எண்ணைப் பாருங்கள். சதுர சென்டிமீட்டருக்கு 1.2 கலோரி பட்டாலே தோல் கொப்பளித்துவிடும். அமெரிக்காவின் என்எஃப்பிஏ 70ஈ விதிமுறை 4, 8, 25, 40 கலோரி என்று நான்கு வகை சொல்கிறது. எந்த பேனலுக்கு எது என்பதைக் கடைக்காரர் சொல்ல முடியாது. ஷார்ட் சர்க்யூட் அளவையும் பிரேக்கர் ட்ரிப் ஆகும் நேரத்தையும் வைத்துப் பொறியாளர் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். 'தீப்பிடிக்காத துணி' என்று மட்டும் எழுதி, கலோரி எண் இல்லாவிட்டால் வாங்காதீர்கள். கிரைண்டிங்குக்குப் போடும் கண்ணாடி மாஸ்க்கும் இதற்கு உதவாது. முகக் கவசத்துக்கும் ஆர்க் ரேட்டிங் வேண்டும்.

டெல்டா புழுக்கத்தில் இதையெல்லாம் எப்படிப் போடுவது என்று பையன்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். 40 கலோரி சூட்டில் கொஞ்ச நேரம் நிற்பதே சிரமம். 8 கலோரி சட்டை, பேன்ட்டை நாள் முழுக்கப் போடலாம். தடித்த காட்டன் மாதிரிதான் இருக்கும். ஆனால் கையை மடித்துவிடக் கூடாது, கழுத்துப் பட்டன் போட வேண்டும், உள்ளே காட்டன் பனியன்தான். வெள்ளிக் காப்பு, செயின், மோதிரம், அரைஞாண் கொடி எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட வேண்டும். ரப்பர் கிளவுஸை ஒவ்வொரு முறையும் சுருட்டிக் காற்றை அடைத்து ஓட்டை பார்த்துவிட்டு, அதன் மேல் லெதர் கிளவுஸ் போட வேண்டும். இந்தச் சட்டையை வீட்டில் துவைப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பிளீச்சிங் வேண்டாம், கஞ்சி போடவே கூடாது. கஞ்சி எரியும். கிரீஸ், தவிட்டெண்ணெய்க் கறை போகாத சட்டையை ஒதுக்கிவிடுங்கள், அதுவும் எரியும்.

இத்தனை போட்டாலும், ஆஃப் செய்து பூட்டுப் போட்டு, டெஸ்ட் செய்து பார்த்த பிறகு வேலை செய்வதற்கு ஈடாகாது. எங்கள் ஆலையில் கஜா புயலுக்குப் பிறகு ஜெனரேட்டர் வைத்தார்கள். மெயினை இறக்கினால் மட்டும் போதாது, ஜெனரேட்டரிலிருந்து கரண்ட் வரும் பக்கத்தையும் பூட்ட வேண்டும். ஆஃப் செய்வதும் டெஸ்ட் செய்வதுமே ஆபத்தான நேரம், கவசம் முதலில் அங்கேதான் வேண்டும். ஸ்விட்சை இறக்கும்போது பேனலுக்கு நேர் எதிரே நிற்காமல் ஓரமாக நில்லுங்கள். 'அறவை நிற்கக் கூடாது, கரண்ட் இருக்கும்போதே டைட் பண்ணு' என்று சூப்பர்வைசர் சொன்னால் முடியாது என்று சொல்கிற தைரியம் வேண்டும். அப்படிச் சொன்னவரை வேலையை விட்டு அனுப்ப மாட்டோம் என்று முதலாளிகள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

நம் மாவட்டங்களின் ஐடிஐக்களில் படித்துவிட்டு ஆலைக்கு வரும் பையன்களுக்கு ஷாக் முதலுதவி தெரிகிறது, ஃபிளாஷ் பற்றித் தெரியவில்லை. பயிற்சி முடியுமுன் ஒரு முறையாவது ஆர்க் ரேட்டிங் சட்டையைக் கையில் கொடுத்து, லேபிளைப் படிக்கச் சொல்லி, போட்டுப் பார்க்க வைக்கும்படி ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஆலை எலக்ட்ரீஷியன்,
மன்னார்குடி.