கூட்டி வந்தவர்கள் கொண்டுபோய் விட வேண்டாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் இணைப்பிதழில், மழைக்கோட்டு போட்ட நாலு இளைஞர்கள் கொடைக்கானல் பக்கத்து வட்டக்கானலிலிருந்து மலை இறங்குகிற படம் வந்திருந்தது. முன்னால் ஒரு செவலை நாய். 'வழிகாட்டும் தோழன்' என்று கீழே ஒரு வரி வேறு. அந்தத் தோழன் அன்று ராத்திரி எங்கே படுத்தான் என்று எழுதியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான் கொடைக்கானல் தடத்தில் 26 வருடம் நடத்துநராக ஓடி ஓய்வுபெற்றவன். வீடு பெரியகுளம். போன ஐப்பசி அடைமழையில் மலை அடிவாரத்துக் கும்பக்கரை பக்கம் டீ குடிக்கப் போனபோது, கடை ஓரம் ஒரு கருப்புப் பெட்டை நாய் நனைந்து கிடந்தது. காது நுனி வெட்டியிருந்தது. கருத்தடை செய்த அடையாளம். மலையேற வந்த ஒரு கூட்டம் வட்டக்கானலில் பிஸ்கட் போட, இது பின்னாலேயே நடுவழியில் இருக்கிற வெள்ளகவி மலைக்கிராமம் வழியாக அடிவாரம் வரைக்கும் வந்துவிட்டதாம். அவர்கள் வேன் ஏறிவிட்டார்கள். கொஞ்ச தூரம் வேன் பின்னால் ஓடியது என்றார் கடைக்காரர். அது நடந்து மூன்று நாள். அதற்குள் கீழே இருக்கிற நாய்கள் பின்னங்காலைக் கடித்துக் குதறியிருந்தன. திரும்பிப் போக அதற்கு வழி தெரியாமல் இல்லை. பாதை தொடங்குகிற இடத்தில்தான் அந்த நாய்கள் படுத்துக் கிடந்தன.

கால்நடை மருத்துவமனையில் காயத்துக்கு மருந்தும் வெறிநாய்க்கடி ஊசியும் போட்டு, பத்து நாள் என் வீட்டுத் திண்ணையில் கட்டி வைத்திருந்தேன். அப்புறம் மேலே எப்படிக் கொண்டு சேர்ப்பது? பஸ்ஸில் நனைந்த நாயை எந்த நடத்துநரும் ஏற்ற மாட்டார். நானே ஏற்றியதில்லை, மறைப்பானேன். ஜீப்காரர் கேட்ட வாடகை என் பென்ஷனுக்குக் கட்டுப்படியாகவில்லை. வெள்ளகவிக்குக் குதிரையில் சாமான் ஏற்றிப் போகிற ஒருவர் பழக்கம். "நடந்தே வாங்கண்ணே, நாயும் நடந்துதானே வந்துச்சு" என்றார். வனத்துறையினரிடம் விவரம் சொல்லி, அனுமதி வாங்கிக்கொண்டு காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். ரோடு வருமுன் வெள்ளைக்காரர்கள் அடிவாரத்துக் கிருஷ்ணம நாயக்கன் தோப்பிலிருந்து, ஆட்கள் தூக்கிப்போகிற டோலியில் உட்கார்ந்து போன மலை இது. எனக்கு டோலி இல்லை, 61 வயது முழங்கால்தான்.

தூறலாகத் தொடங்கி, ஒரு மணி நேரத்தில் கொட்டியது. பாதைக் கல்லெல்லாம் பாசி. நான் இரண்டு தடவை சறுக்கி விழுந்தேன். இரண்டு தடவையும் கயிறு கையை விட்டுப் போயும் நாய் ஓடவில்லை, நின்று திரும்பிப் பார்த்தது. அட்டைக்காக நான் காலில் புகையிலைத் தண்ணீர் தடவிக்கொண்டேன். நாய்க்கு என்ன தடவுவது? விரல் இடுக்கில் ஏழெட்டு. ஒன்று மூக்குக்குள்ளேயே போய்விட்டது. தும்மித் தும்மி ரத்தமாக வந்தது. குதிரைக்காரர் சிரட்டையில் தண்ணீர் பிடித்து மூக்கருகே காட்டிக்கொண்டே இருந்து, அட்டை தலை நீட்டியபோது துணியால் பிடித்து இழுத்தார்.

ஒரு வளைவில் நாய் அப்படியே நின்றது. நாற்பது அடியில் ஒரு காட்டுமாடு, மழையில் கறுத்து, பாறை மாதிரி. கயிற்றை இறுக்கிப் பிடித்து, கையால் நாயின் வாயைப் பொத்தினேன். கயிறு இல்லாத நாயாக இருந்தால் குரைத்துக்கொண்டு ஓடும், மாடு துரத்தினால் நேராக நம்மிடம்தான் திரும்பி வரும், பின்னால் மாடும் வரும். காட்டுக்குள் நாயைத் துணை என்று நினைக்கிறவர்கள் இதை யோசிப்பதில்லை. நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் நோய் செந்நாய்களுக்கும் தொற்றும் என்பது வேறு.

வெள்ளகவியில் ஊருக்குள் செருப்பு போடுகிற வழக்கம் கிடையாது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, அட்டைக்கடி ரத்தத்தோடு நடந்தோம். அன்று அங்கேயே தங்கல். மறுநாள் மதியம் டால்பின் மூக்குப் பாறை தாண்டியதும் நாய் கயிற்றை இழுக்க ஆரம்பித்தது. வட்டக்கானலில் ஒரு டீக்கடை வாசலில் போய்ப் படுத்ததுதான், அப்புறம் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தெருநாயைக் கருத்தடை செய்தால் பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விட வேண்டும் என்று 2023-ஆம் வருடத்து மத்திய அரசு விதிகள் சொல்கின்றன. இடம் மாறினால் நாய் என்ன பாடுபடும் என்று தெரிந்துதான் அப்படி வைத்திருக்கிறார்கள். அரசாங்கமே செய்யக் கூடாததை ஒரு பிஸ்கட் பொட்டலம் செய்துவிடுகிறது.

நான் ஊர் திரும்பப் புறப்பட்டபோது அதே டீக்கடையில் முதுகுப்பையோடு ஆறு பேர். ஒருவர் பிஸ்கட் பிரித்தார், கருப்பி எழுந்து போய் அவர் காலடியில் உட்கார்ந்தது. விஷயத்தைச் சொன்னேன். "அதுவா வருது சார், நாங்க என்ன பண்றது?" என்றார்.

அதுவாகத்தான் வரும். நடக்கத் தொடங்கும் முன் தீனி போடாதீர்கள். போட்டுவிட்டால், நீங்கள் வளைவு தாண்டும் வரை பிடித்து வைத்துக்கொள்ளக் கடைக்காரரிடம் சொல்லுங்கள். கூட்டிப் போகிற வழிகாட்டிகள் கடைசி வீட்டருகே ஒருமுறை திரும்பிப் பார்த்து விரட்டிவிட்டால் போதும். அப்படியும் அடிவாரம் வரை வந்துவிட்டால், ஜீப் வாடகையை ஆறு பேர் பங்கிட்டுக்கொள்ளலாம். எனக்குப் பங்கிட ஆள் இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நடத்துநர்,
பெரியகுளம்.